செர்மாட்டா, வால் தொரான்ஸா? மார்ச் கடைசி வாரம், நாலு பேர், ஒருத்தருக்குத்தான் சறுக்கத் தெரியும்

முதல்தடவை | 8 நவம்பர் 2025, இரவு 9:40

21 மார்ச் சனி முதல் 28 மார்ச் சனி வரை விடுமுறை. நாலு பேர். எனக்கு சிவப்புத் தடம் (நடுத்தரக் கஷ்டம்) வரை வரும், மத்த மூணு பேரும் புதுசு. அதுல ஒருத்தி 8 வயசு மகள். பிரான்ஸ்ல வால் தொரான்ஸ், சுவிஸ்ல செர்மாட், இந்த ரெண்டுல ஒண்ணு. வால் தொரான்ஸ் 2,300 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரத்துல இருக்கிற ஸ்கீ ஊர். செர்மாட் 1,620 மீட்டர்தான். மார்ச் கடைசியில உயரமான ஊர்லதான் பனி உறுதி. தடமும் அங்கே 600 கி.மீ., இங்கே 360. ஆக வால் தொரான்ஸ்னு ஏறக்குறைய முடிவு பண்ணியாச்சு. மறுப்பு உண்டா?

கல்லும்பனியும் | 8 நவம்பர், இரவு 11:15

முடிவு சரியாக இருக்கலாம். சொன்ன காரணம் இரண்டும் நிற்காது.

ஊரின் உயரம் என்பது நீங்கள் தூங்கும் உயரம். சறுக்கும் உயரம் வேறு. செர்மாட்டில் புதியவர்கள் பழகும் இடம் ஊருக்குள் இல்லை. சுன்னெகாவுக்குக் கீழே லைசே ஏரிக்கரையில் இருக்கிறது. சுன்னெகா நிலையம் 2,288 மீட்டர். வால் தொரான்ஸில் பழகும் சரிவு ஊர் நடுவிலேயே, 2,300 மீட்டரில். ஆக உங்கள் மூன்று பேரும் நிற்கப்போகும் பனி இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் கிடக்கிறது. அந்த வாரத்தில் 2,300 மீட்டரில் பனி இல்லாமல் போவது அபூர்வம். பனியை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

600 கி.மீ. என்பது மூன்று பள்ளத்தாக்கையும் சேர்த்த கணக்கு: வால் தொரான்ஸ், மெரிபெல், கூர்ஷவெல் எல்லாம். 360 என்பது செர்மாட்டோடு இத்தாலியின் செர்வீனியாவையும் சேர்த்தது. முதல் வாரம் பழகுகிறவருக்கு வேண்டியது ஒரு மேஜிக் கார்பெட் (நின்றபடியே மேலே ஏற்றும் நகரும் பட்டை), இரண்டு பச்சை, அதாவது மிக எளிய தடம், கடைசி இரண்டு நாளில் அதற்கு அடுத்த படியான நீலம் ஒன்றிரண்டு. மொத்தம் நாலு கி.மீ. தேறாது. மீதி 596-ம் உங்களுக்குத்தான், வாழ்த்துகள்.

அரைவட்டம் | 9 நவம்பர், காலை 7:02

கி.மீ. கணக்கைப் பத்திப் பேச்சு வந்ததால: 2013-ல கிறிஸ்டோஃப் ஷ்ராஹேங்கிற ஜெர்மன் ஆலோசகர் பல ஊர்த் தடங்களை அளந்து பார்த்து, விளம்பரத்துல இருக்கிற நீளம் நிறைய இடத்துல ஊதிப்போனதுன்னு காட்டினார். சில ஊர்ல சறுக்குறவர் வளைஞ்சு வளைஞ்சு போற தூரத்தையும் தடத்தோட நீளமாச் சேர்த்திருந்தாங்க. அதனால அந்த எண்ணை ரெண்டு ஊருக்கு நடுவுல ஒப்பிடவே ஒப்பிடாதீங்க.

கல்லும்பனியும் | 9 நவம்பர், காலை 8:30

அதேதான். லிஃப்ட் பாஸ் விஷயத்திலும் இந்த எண்தான் காசைக் கரைக்கும். நாலு பேருக்கும் ஒரே பாஸ் வாங்காதீர்கள். வால் தொரான்ஸ்–ஒரெல் பாஸ் மட்டுமே 150 கி.மீ. தடத்துக்குச் செல்லும், உங்கள் ஒருவருக்கே அது நாலு நாள் தாங்கும். புதியவர்களுக்கு முதல் இரண்டு நாள் கார்பெட்டே போதும். பயிற்சி வகுப்பில் ஆசிரியர் "நாளை நாற்காலி லிஃப்ட்" என்று சொன்ன அன்று மாலை பாஸ் வாங்கினால் போதும்.

குழந்தை விஷயத்தில் செர்மாட் முந்துகிறது: 9 வயது நிறையாதவர்களுக்கு லிஃப்ட் இலவசம். வால் தொரான்ஸில் 5 வயதுக்குக் கீழேதான் இலவசம். மகளின் பிறந்தநாள் மார்ச் 28-க்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். அடையாள அட்டை கேட்பார்கள்.

முதல்தடவை | 9 நவம்பர், மதியம் 1:10

பிறந்தநாள் ஜூன்ல. அப்ப செர்மாட்டுக்கு ஒரு புள்ளி. ஆனா காலைல கிளம்புறது எங்கே சுலபம்?

கல்லும்பனியும் | 9 நவம்பர், மாலை 6:45

வால் தொரான்ஸ். போட்டியே கிடையாது. பெரும்பாலான குடியிருப்புகளில் வாசலைத் தாண்டினால் பனி. ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்கலாம்.

செர்மாட்டின் காலைப்பொழுதை முழுசாகச் சொல்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையோடு போகிறவர் கற்பனையில் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. அந்த ஊரில் மலைக்கு ஏறும் இடம் மூன்று உண்டு, மூன்றும் தள்ளித்தள்ளி. கோர்னர்கிராட் ரயில் பிரதான ரயில் நிலையத்துக்கு எதிரே. சுன்னெகா ரயில் ஆற்றுக்கு அந்தப்பக்கம், சுரங்கத்துக்குள். மாட்டர்ஹார்ன் சிகரத்தின் பக்கம் போகும் கோண்டோலா (கம்பிவடத்தில் ஓடும் பெட்டி) ஊரின் தெற்குக் கோடியில். நிலையத்திலிருந்து பூட்ஸோடு நடந்தால் 20 நிமிடம் ஆகும். லைசேவுக்குப் போக சுன்னெகா ரயிலைப் பிடிக்க வேண்டும். நிலையத்தின் வாசலிலிருந்து நீண்ட சுரங்க நடை, பிறகு சில நிமிட ரயில், மேலே இறங்கி ஏரிக்குப் போக இன்னொரு சிறு லிஃப்ட். தங்குமிடம் பக்கத்திலேயே இருந்தாலும் கதவைப் பூட்டியதிலிருந்து பனியில் நிற்பது வரை அரை மணிக்குக் குறையாது. பிள்ளையின் ஸ்கீயும் உங்கள் தோளில்தான் வரும்.

இதைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, தங்குமிடத்தைச் சுன்னெகா நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் எடுப்பது. அறையின் அழகு, பால்கனியில் மாட்டர்ஹார்ன் எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு, வாடகைச் சாமானை ராத்திரி அறைக்குக் கொண்டுவராமல் லிஃப்ட் அருகே பூட்டிவைக்கும் அலமாரியில் விடுவது. அங்கே பூட்ஸும் காய்ந்துவிடும்.

வாடகை குறைவு என்று, செர்மாட்டுக்கு முந்தின ஊரான டேஷில் தங்கலாமா என்ற யோசனை வரும். கார்கள் அதோடு நின்றுவிடும். அங்கிருந்து செர்மாட்டுக்கு 12 நிமிட ரயில், 20 நிமிடத்துக்கு ஒன்று. தனியாகப் போகிறவருக்குப் பரவாயில்லை. பிள்ளையோடு வேண்டாம்.

வடக்குச்சரிவு | 10 நவம்பர், காலை 6:20

எல்லாம் சரி, ஆனா செர்மாட்ல வருஷம் 365 நாளும் ஸ்கீ. பனிக்கு அதைவிட என்ன உத்தரவாதம் வேணும்?

கல்லும்பனியும் | 10 நவம்பர், காலை 7:55

365 நாள் என்பது மேலே தியோடூல் பனியாற்றின் மேல் மட்டும். அதுவும் எப்போதும் நடப்பதில்லை: 2022 ஜூலைக் கடைசியில் பனியாறு இளகிப்போய்க் கோடை ஸ்கீயை நிறுத்தினார்கள். அந்த உயரம் புதியவருக்கு எந்த விதத்திலும் பயன்படாது. பனி இருப்பது ஒரு விஷயம், மேலே போக லிஃப்ட் ஓடுவது வேறு விஷயம். அந்த மேட்டில் காற்றுதான் முதலாளி. உலகக்கோப்பை ஸ்கீ வேகப்பந்தயம் ஒன்றை செர்மாட்டில் தொடங்கி செர்வீனியாவில் முடியும்படி திட்டமிட்டார்கள். 2022-லும் 2023-லும் ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை. முதல் வருஷம் பனி போதவில்லை, அடுத்த வருஷம் பனி கொட்டியது, காற்றும் அடித்தது. பிறகு அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

உங்கள் வாரத்தில் பார்க்க வேண்டிய கேள்வி இதுதான்: வானிலை கெட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

வால் தொரான்ஸில் மரமே கிடையாது. ஊர் மரக்கோட்டுக்கு மேலே இருக்கிறது. மேகம் இறங்கினால் தரை எது வானம் எது என்று தெரியாது. நின்றுகொண்டிருக்கிறோமா நகர்கிறோமா என்பதுகூடக் குழம்பும், சிலருக்குக் குமட்டும். புதியவர் அந்த வெளிச்சத்தில் ஒரே நாளில் பயம் பிடித்துக்கொள்வார், பிறகு அது போகாது. மரம் உள்ள இடம் மெரிபெல்லின் கீழ்ப்பகுதியிலும் கூர்ஷவெல்லின் கீழ் ஊர்களிலும். ஆனால் அங்கே போகும் இணைப்பு லிஃப்டுகள் மலைமுகட்டில் இருப்பதால் புயலில் அவைதான் முதலில் மூடும்.

செர்மாட்டில் சுன்னெகாவுக்கும், கோண்டோலா வழியில் உள்ள ஃபூரிக்கும் கீழே லார்ச், பைன் காடு உண்டு. மரங்கள் இருட்டாகப் பக்கத்தில் நின்றால் கண்ணுக்குப் பிடி கிடைக்கும். ஆனால் மார்ச் கடைசியில் அந்தத் தடங்கள் காலையில் கண்ணாடி, மதியம் கஞ்சி. புதியவருக்கு இரண்டுமே ஆகாது. அவர்கள் மாலையில் ரயிலிலேயே இறங்கட்டும். நாலு மணிக்கு ஊர் திரும்பும் குறுகலான தடத்தில் நல்லவர், புதியவர், அவசரக்காரர் எல்லாரும் ஒன்றாக விழுவார்கள்.

கல்லும்பனியும் | 10 நவம்பர், காலை 8:10

சேர்க்க மறந்தது. வெளிச்சம் கெட்ட நாளில் இருப்பவருக்கு:

கண்ணாடி. எஸ்3 வில்லை வெயிலுக்கானது, 8 முதல் 18 சதவீத ஒளியைத்தான் உள்ளே விடும். மேகநாளுக்கு எஸ்1 வேண்டும், 43 முதல் 80 சதவீதம் வரை விடும். ஒரே ஒரு கண்ணாடிதான் என்றால் எஸ்2. கடையில் மினுமினுக்கும் கறுப்பு எஸ்3-ஐத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள், மூடுபனியில் அதைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு வெறும் கண்ணோடு தடுமாறுகிறார்கள்.

தடக்கம்பம். பிரான்ஸில் தடத்தின் ஓரக் கம்பங்களில் எண் இருக்கும். கீழே போகப்போக எண் குறையும். இறங்கும்போது வலப்பக்கக் கம்பத்தின் தலை ஆரஞ்சு. ஆரஞ்சுத் தலை உங்கள் இடப்பக்கம் தெரிந்தால் தடத்துக்கு வெளியே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். மீட்புக்குப் போன் செய்தால் தடத்தின் பெயரும் அந்த எண்ணும் போதும்.

அரைவட்டம் | 10 நவம்பர், இரவு 10:30

நிறம் பத்தியும் சொல்லிடுங்க. பிரான்ஸ்ல சுலபத்துலேர்ந்து கஷ்டம் வரை பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. சுவிஸ்ல பச்சையே கிடையாது, நீலத்துல தொடங்கும்.

கல்லும்பனியும் | 11 நவம்பர், காலை 7:20

ஆமாம். அதனால் சுவிஸ் நீலம் ரொம்ப அகலமான வகை: படுத்துக்கிடக்கும் மைதானமும் நீலம், ஒரு பக்கம் சரிவாக இறங்கும் காட்டுப்பாதையும் நீலம். செர்மாட்டில் புதியவரை நாலாம் நாள் கூட்டிப்போக ரிஃபெல்பெர்க் சுற்றுவட்டாரம் நல்லது, அகலமாக இருக்கும், ரயிலும் பக்கத்தில். "நீலம்தானே" என்று ஊர் வரை இறக்கிக்கொண்டு வராதீர்கள்.

முதல்தடவை | 12 நவம்பர், இரவு 8:50

குறிச்சுக்கிட்டேன். இப்ப என் பங்கு. செர்மாட் போனா ஒருநாள் இத்தாலிக்கும், வால் தொரான்ஸ் போனா ஒருநாள் கூர்ஷவெல்லுக்கும் போகணும்னு ஆசை. சிவப்பு வர்றவருக்கு முடியுமா?

கல்லும்பனியும் | 12 நவம்பர், இரவு 11:40

இரண்டும் முடியும். இரண்டிலும் கெடுவது ஒரே இடத்தில்: கடைசி லிஃப்டைத் தவறவிடுவது.

கூர்ஷவெல். வரைபடத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு அடுத்தது. சாலையில் அப்படி இல்லை. கூர்ஷவெல்லிலிருந்து மூட்டியே வரை முழுக்க இறங்கி, அங்கிருந்து வால் தொரான்ஸுக்கு 37 கி.மீ. மறுபடி ஏற வேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஸ்கீ பூட்ஸோடு டாக்சி தேடுவது விடுமுறையின் விலையுயர்ந்த பொழுதாகிவிடும். கணக்கை இப்படி வையுங்கள்: காலை லிஃப்ட் திறந்ததும் கிளம்புங்கள், கூர்ஷவெல்லில் சாப்பிட உட்காராதீர்கள், திரும்பும் வழியில் மெரிபெல் பள்ளத்தாக்குக்குள் வந்தபிறகு சாப்பிடுங்கள். மதியம் 2 மணிக்கு நீங்கள் மெரிபெல் பக்கம் இருக்க வேண்டும். இணைப்பு லிஃப்ட் மூடும் நேரம் அன்றன்று பலகையில் எழுதியிருக்கும், காலையில் போகும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை அரைமணி நின்றால் கணக்கு கலையும், அதற்கும் இடம் விடுங்கள்.

செர்வீனியா. ட்ரோக்கனர் ஷ்டேக் லிஃப்ட் நிலையம் வழியாக மேலே போய், எல்லையில் டெஸ்டா க்ரிஜாவிலிருந்து 2,050 மீட்டர் வரை இறங்கலாம். நீளமான, சீரான சிவப்பு. சிவப்பு பழகியவருக்கு இதைவிட நல்ல இறக்கம் இந்த இரண்டு ஊரிலும் கிடையாது என்பது என் கட்சி. திரும்பி வர மூன்று கட்டமாக ஏற வேண்டும். நடுவில் காற்று எழுந்து மேல் லிஃப்ட் நின்றால் அன்று இரவு இத்தாலியில். சாலை வழி ஆஸ்டா பள்ளத்தாக்குக்கு இறங்கி, கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கம், மார்ட்டினி, விஸ்ப், டேஷ் என்று பல மணிநேரம். அடையாள ஆவணமும் வங்கி அட்டையும் உடம்பிலேயே இருக்கட்டும். விசா தேவைப்படுகிறவர் பாஸ்போர்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

2023 முதல் செர்மாட் பக்க உச்சியான 3,883 மீட்டரிலிருந்து டெஸ்டா க்ரிஜாவுக்குக் கேபிள் கார் ஓடுகிறது. சறுக்கத் தெரியாதவரும் இப்போது அந்த வழியாக இத்தாலிக்குப் போகலாம். அதற்காகக் காற்று குறைந்துவிடவில்லை.

வாரம் முழுவதுக்கும் இத்தாலிப் பக்கத்தையும் சேர்த்த சர்வதேசப் பாஸ் எடுக்காதீர்கள். செர்மாட் பாஸ் எடுத்து, முன்னறிவிப்பில் காற்று அடங்கிய நாளைப் பார்த்து அன்றைக்கு மட்டும் கூடுதல் கட்டுங்கள்.

வடக்குச்சரிவு | 13 நவம்பர், காலை 6:05

இத்தாலிப் பக்கம் போறதுன்னா ரெண்டு சட்டம் இருக்கு. 2022 ஜனவரி 1-லேர்ந்து அங்கே தடத்துல சறுக்குற ஒவ்வொருத்தருக்கும் பிறருக்கு ஏற்படுத்துற சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். இந்த நவம்பர் 1-லேர்ந்து எல்லா வயசுக்கும் ஹெல்மெட் கட்டாயம். முன்னாடி 18 வயசுக்குக் கீழேதான்.

கல்லும்பனியும் | 13 நவம்பர், காலை 7:30

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். காப்பீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம், இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஷெங்கன் விசாவுக்கு வாங்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தூதரகத்தைத் திருப்திப்படுத்தும். அதில் பனி விளையாட்டு விலக்கு என்று ஒரு வரி இருக்கலாம், படித்துப் பாருங்கள். இருந்தால் கூடுதல் கட்டி நீக்கச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை: தடத்திலிருந்து மீட்பு, ஹெலிகாப்டர், பிறருக்குச் சேதம், வாடகைச் சாமான் உடைவு. "தடத்துக்கு வெளியே" விலக்கு என்றால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் குறுக்கே புகுந்தாலும் அதுவே.

பிரான்ஸில் பாஸோடு கார்ரே நேஜ் என்ற நாள்கணக்குக் காப்பீடு சேர்க்கலாம். தடத்தில் நடக்கும் மீட்புக்கு அங்கே கட்டணம் உண்டு, இலவசம் என்ற பேச்சை நம்பாதீர்கள். செர்மாட்டில் ஹெலிகாப்டர் மீட்பு ஏர் செர்மாட். காப்பீடு இல்லையென்றால் பில் வீட்டுக்கு வரும். அவசர எண் இரண்டு நாட்டிலும் 112.

விசாவும் இதோடு: எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். ஜெனீவாவில் இறங்கி வால் தொரான்ஸ் போகிறவருக்கு பிரான்ஸ்தான்.

முதல்தடவை | 15 நவம்பர், மாலை 4:15

வாடகை பூட்ஸ்? நெட்ல பதிவு பண்ணும்போது செருப்பு சைஸ் கேக்குது.

கல்லும்பனியும் | 15 நவம்பர், இரவு 9:00

இழை எங்கோ போகிறது, பரவாயில்லை. ஊரைவிட பூட்ஸ்தான் வாரத்தைக் கெடுக்கும்.

ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். 25 செ.மீ. பாதத்துக்கு 25 அல்லது 25.5. சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பெருவிரல் வரை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு காலும் தனித்தனியாக. கடையில் உள்பூட்ஸை உருவி எடுக்கச் சொல்லி, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு விரலை முன்னால் தொடவைத்தால், குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் பெரிது. பெரிய பூட்ஸ் முதல் பத்து நிமிடம் சொகுசாக இருக்கும். பிறகு கால் உள்ளே நீந்தும், அதை நிறுத்தக் கொக்கியை இறுக்குவார்கள், ரத்த ஓட்டம் நின்று விரல் மரக்கும், கணுக்கால் முன்பக்கம் நசுங்கும். மூன்றாம் நாள் காலை பூட்ஸைக் கண்டாலே அழுகை.

சரியான பூட்ஸில் நேராக நின்றால் விரல் லேசாக முன்னால் தொடும், முழங்காலை மடக்கினால் பின்வாங்கும். சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால் வரை. கால்சட்டையின் உள்ளாடையைப் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது. அந்த மடிப்பு போதும், கெண்டைக்காலில் புண் வர. கொக்கியில் கீழே இரண்டு தளர்வாக, மேலே இரண்டு இறுக்கமாக. எல்லாரும் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைத்து, விழும்போது கழற்றிவிடும் பிடிப்புக்குப் பைண்டிங் என்று பெயர். அதற்கு எடை, உயரம், வயது, திறமைவகை கேட்பார்கள். பூட்ஸ் அடிநீளத்தையும் சேர்த்து விடுபடும் எண்ணைக் கணக்கிடுவார்கள். எடையைக் குறைத்தும் சொல்லாதீர்கள், திறமையைக் கூட்டியும் சொல்லாதீர்கள். எடையைக் குறைத்தால் தேவையில்லாமல் கழன்று விழுவீர்கள். திறமையைக் கூட்டினால் விழும்போது கழலாது, முழங்கால் தசைநார் கழலும். புதியவர் மூவருக்கும் முதல் வகைதான், மெதுவாக, கவனமாகச் சறுக்குகிறவருக்கானது. ஸ்கீயின் நீளம் நிறுத்தினால் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில். மகளுக்கு நெஞ்சிலிருந்து தாடைக்குள்.

அரைவட்டம் | 16 நவம்பர், காலை 9:12

மூணு பேருக்கு முதல் வகைன்னு எழுதியிருக்கீங்க. அந்த மூணு பேர் யார் யார்னு அவர் இன்னும் சொல்லவே இல்லையே?

முதல்தடவை | 16 நவம்பர், மதியம் 12:25

மனைவி, மகள், அம்மா. அம்மாவுக்கு 63. அவங்க சறுக்க மாட்டாங்க, சும்மா கூட வர்றாங்க. பிபி மாத்திரை சாப்பிடுறாங்க.

அரைவட்டம் | 16 நவம்பர், மதியம் 12:31

எட்டு நாள் கழிச்சு!

கல்லும்பனியும் | 16 நவம்பர், மாலை 5:50

இந்த ஒரு வரி முதல் நாளே வந்திருந்தால் பாதி இழை எழுதியிருக்க வேண்டாம். இதுவரை என் மனதில் வால் தொரான்ஸ்தான் முன்னால் இருந்தது, காலை வாசல் விஷயம் ஒன்றுக்காகவே. இப்போது திருப்புகிறேன். செர்மாட்.

உயரம் முதலில். 2,300 மீட்டரில் தூங்குவது ஆரோக்கியமானவருக்கே முதல் இரண்டு இரவு தலைவலியும் உடைந்த தூக்கமும் தரும். 1,620-ல் அந்தத் தொல்லை மிகக் குறைவு. பகலில் மேலே போய் இரவில் கீழே வருவது உடம்புக்கு எளிது. வால் தொரான்ஸில் கீழே என்று ஓர் இடமே இல்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் எந்த ஊருக்குப் போனாலும் முன்னதாக மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். 3,883 மீட்டர் உச்சிக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 62 சதவீதம்தான், கேபிள் காரில் அவ்வளவு வேகமாக ஏறுவது இன்னும் மோசம். மகளையும் முதல் இரண்டு நாள் வேண்டாம்.

இரண்டாவது, பகல். வால் தொரான்ஸ் சறுக்குகிறவர்களுக்காகவே கட்டிய ஊர். சறுக்காதவருக்கு சீம் கரோன் உச்சிக்குக் கேபிள் காரில் ஒருநாள், நீச்சல்குளம் ஒருநாள், கடைகள். பெக்லேயிலிருந்து 6 கி.மீ. பனிவண்டி இறக்கம் உங்களுக்கும் மனைவிக்கும் கொண்டாட்டம், 63 வயதில் சொல்ல மாட்டேன். தெருக்களும் சரிவு.

செர்மாட்டில் அம்மாவுக்கு ஒரு வாரம் நிறையும். 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில் 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்கு ஏறும், உட்கார்ந்தபடியே மாட்டர்ஹார்ன். முழு உயரம் வேண்டாமென்றால் ரிஃபெல்பெர்க்கில் இறங்கிவிடலாம், 2,582 மீட்டர்; நாலாம் நாளிலிருந்து நீங்கள் எல்லாரும் அங்கேதான் சறுக்குவீர்கள், மதிய உணவு ஒன்றாகவே. லைசேயில் பேத்தி விழுந்து எழுவதை சுன்னெகா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். நடைபாதைகள் தனியாகச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். ஊருக்குள் கார் கிடையாது, மின்வண்டிதான். சத்தமில்லாமல் பின்னால் வரும், அம்மாவிடம் அதை மட்டும் சொல்லிவையுங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் ரப்பர்-ஆணிப் பட்டை ஒரு ஜோடி வாங்கிப்போங்கள். மார்ச் கடைசியில் பகலில் உருகிய தெரு இரவில் உறையும், ஸ்கீ இல்லாமலே வழுக்கி விழுபவர்களும் உண்டு.

தங்கும் செலவு செர்மாட்டில் கூடத்தான். மகளுக்கு லிஃப்ட் இலவசம், அம்மாவுக்கு ஸ்கீ பாஸ் வேண்டாம் என்பதில் கொஞ்சம் மட்டுப்படும்.

வடக்குச்சரிவு | 16 நவம்பர், இரவு 8:20

எதிர்வாதம் ஒண்ணு பதிஞ்சு வைக்கிறேன். செர்மாட்டுக்குப் போக ஒரே பள்ளத்தாக்குதான் வழி. 2018 ஜனவரியில சாலையும் ரயிலும் மூடி ஏறக்குறைய 13,000 பேர் மாட்டிக்கிட்டாங்க. 2025 ஏப்ரல் 17-லயும் பனி கொட்டி ஊர் துண்டிச்சுப்போச்சு, கரண்டும் போச்சு.

கல்லும்பனியும் | 16 நவம்பர், இரவு 10:05

உண்மை. அதே ஏப்ரல் புயல் வால் தொரான்ஸையும் விடவில்லை. அங்கே பனிச்சரிவில் ஓர் உயிர் போனது. இரண்டு ஊருமே மலைக்குள் முட்டி நிற்கும் சாலையின் கடைசி. இதற்கு மருந்து ஊர் மாற்றுவது அல்ல: அம்மாவின் மாத்திரை பத்து நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும், திரும்பும் விமானம் சனிக்கிழமை காலையில் வேண்டாம், ஞாயிறு வையுங்கள். பனிச்சரிவு எச்சரிக்கை ஒன்று முதல் ஐந்து வரை. சுவிஸில் தாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியிடும். திறந்த தடத்தில் இருப்பவர் அதை ஆராய வேண்டியதில்லை, மூடிய தடத்தின் கயிற்றைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

முதல்தடவை | 18 நவம்பர், இரவு 9:15

சுன்னெகா பக்கத்துல ஆறு நிமிஷ நடையில ஒரு வீடு கிடைச்சிருக்கு. ஜூரிக்ல இறங்கவா, ஜெனீவாவுல இறங்கவா? மனைவிக்கு இன்னொரு கேள்வி, வகுப்பு காலைலயா மதியமா?

கல்லும்பனியும் | 18 நவம்பர், இரவு 10:40

எது விமானம் மலிவோ அது. இரண்டு விமான நிலையத்துக்குள்ளும் ரயில் வருகிறது, இரண்டிலிருந்தும் விஸ்ப் வந்து மலை ரயிலுக்கு மாற வேண்டும். ஜூரிக்கிலிருந்து சுமார் மூன்றரை மணி, ஜெனீவாவிலிருந்து நாலு மணி. கார் எடுக்காதீர்கள், டேஷில் ஒரு வாரம் சும்மா நிற்கும், அதற்கும் வாடகை.

வகுப்பு: அந்த வாரத்தில் இரவில் உறைந்த பனி பத்து மணி வரை கல்லாக இருக்கும், ஒரு மணிக்கு மேல் ஈரம் கோத்துக் கனக்கும். புதியவருக்கு நல்ல பனி பத்திலிருந்து ஒன்று வரை. சுன்னெகா வெயில் விழும் பக்கம், சீக்கிரம் இளகும். ஆகவே மனைவிக்குக் காலை வகுப்பு, கொஞ்சம் தாமதமாகத் தொடங்குவது கிடைத்தால் இன்னும் நல்லது. மதிய வகுப்பில் ஸ்கீ திரும்ப மறுக்கும், அவர் தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். பொதுவாகக் குழு வகுப்பு திங்களில் தொடங்கும். ஞாயிறை பூட்ஸ் மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஜோடி சரியாக அமைவது குறைவு, கடையில் மாற்றிக் கேட்கக் கூச்சம் வேண்டாம்.

முதல்தடவை | 18 நவம்பர், இரவு 10:52

அம்மா இப்பத்தான் இதைப் படிச்சாங்க. "நான் ஏன் சறுக்கக் கூடாது"ன்னு கேக்குறாங்க.

கல்லும்பனியும் | 18 நவம்பர், இரவு 11:03

லைசேயில் ஒரு மணிநேரம் தனி ஆசிரியர், கார்பெட் மட்டும், திங்கள் வேண்டாம், புதன். மருத்துவர் சரி என்றால். பூட்ஸ் மேல்கொக்கி தாராளமாகத் திறக்கும் மென்மையான வகை கேளுங்கள், பைண்டிங் முதல் வகை. வயதையும் எடையையும் அவரே கடையில் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.